வடக்கத்தி வாத்தும் இரண்டாம் நம்பர் டோக்கனும்

முத்துப்பேச்சிக்கு நான்கு பிறந்த நாள்கள். அவளைப் பெற்றவள் சொன்னது ஒன்று. ஆடி மாசத்துச் செவ்வாய்க்கிழமை என்பதற்கு மேல் அதில் விவரம் கிடையாது. மற்ற மூன்றையும் மூன்று பனியன் கம்பெனிகள் அடையாள அட்டையில் அச்சடித்துக் கொடுத்தன. மூன்று இடத்திலும் அவள் நிரந்தரத் தொழிலாளி, தொழிலாளர் குழுவின் தலைவி. ஆனால் அவள் நிஜமாக வேலை பார்த்தது பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் ஒரே ஒரு கம்பெனியில்தான், செக்கிங் பிரிவில். கம்பெனியின் பெயர் வேண்டாம். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவையெல்லாம் யோக்கியமானவை என்று ஆகிவிடும்.

மீதி இரண்டும் முதலாளி வெள்ளியங்கிரியின் மச்சான்களுடையவை. அங்கே ஆடிட் வரும் நாளில் முத்துப்பேச்சியை வேனில் ஏற்றி அனுப்பிவைப்பார்கள், கல்யாண வீட்டுக்குப் பெரிய பாத்திரம் இரவல் கொடுப்பது போல.

ஆடிட் என்றால் வரவு செலவு பார்ப்பதல்ல. வெளிநாட்டிலிருந்து துணி வாங்கும் பையர்கள், 'எங்களுக்குத் தைத்துக் கொடுக்கிறவர்களை மனிதர்களாக நடத்துகிறீர்களா?' என்று அவ்வப்போது ஆள் அனுப்பிக் கேட்பது. அன்றைக்கு மட்டும் நடத்துவார்கள். அன்றைக்குக் கழிப்பறையில் சோப்பு இருக்கும், முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கும், எல்லோருடைய முகத்திலும் மாஸ்க் இருக்கும். ஆடிட்டர் கார் ஏறிய பிறகு சோப்பு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிப் போகும்.

முத்துப்பேச்சி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமான புதிதில் புருஷன் ராமரோடு திருப்பூருக்கு வந்தவள். ராமர் சாயப்பட்டறையில் துணி மூட்டை தூக்கினார். இவள் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் சேர்ந்து, பிறகு செக்கிங்கில் நின்றாள். ட்யூப் லைட்டின் கீழே பீஸைப் புரட்டி ஓட்டை, கறை, நூல் தொங்கல் பார்க்கும் வேலை. அதில் அவள் சுமார்தான். அவளுடைய திறமை வேறு இடத்தில் இருந்தது என்பது அவள் சந்தித்த முதல் ஆடிட்டிலேயே தெரிந்துவிட்டது.

"தண்ணி நல்லா கெடைக்குதாம்மா?" என்று கேட்டார் ஆடிட்டர்.

"எங்க ஊர்லயே இப்படித் தண்ணி குடிச்சதில்ல சார்" என்றாள் முத்துப்பேச்சி, கண் கலங்க.

அவளுடைய ஊரில் குழாயில் தண்ணீர் வந்ததே கிடையாது என்பது ஆடிட்டருக்குத் தெரியாது. அவர் உருகிப்போனார். அன்று முதல் அவள் 'ஆடிட் அக்கா' ஆனாள். ஒருமுறை அதே ஆடிட்டர் அவளை இரண்டு கம்பெனிகளில் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றபோது, "அவ எங்க அக்கா சார். ரெட்டைப் பிறவி. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல" என்றாள். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.

இப்படி எந்தக் கேள்விக்கும் அசராதவள் அசர வேண்டிவந்தது ஒரு டோக்கனால்.

எத்தனை பெண்களுக்கு எத்தனை கழிப்பறை வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. கம்பெனியில் அத்தனையும் இருந்தன, வெள்ளை ஓடு பதித்து, வரிசையாக. பூட்டு கிடையாது. ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் கேரம் போர்டு ஸ்ட்ரைக்கர் வேண்டும். சூப்பர்வைசர் தங்கதுரையின் மேசைக்கு மேலே இரண்டு ஆணிகள். ஆணிக்கு ஒன்றாகத் துளையிட்ட இரண்டு ஸ்ட்ரைக்கர்கள். ஒன்று, இரண்டு என்று சிவப்பு நகப் பூச்சால் எழுதிய எண். அறுபது பெண்களுக்கு இந்த இரண்டு டோக்கன்கள். டோக்கன் கையில் இருக்கிறவள்தான் எழுந்து போகலாம். போய் வந்தவள் அடுத்துக் கேட்கிறவளிடம் கொடுக்க வேண்டும். ஆகவே பெண்கள் வீட்டிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவருவார்கள், சாயந்திரம் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நாவறள நின்று, நீர்க்கடுப்பு வந்து, அதற்கு மாத்திரை வாங்கி, அந்த மாத்திரையை விழுங்குவதற்கு மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள். மனிதனுக்கு மனிதன் செய்யும் அநியாயத்தில் இதைவிடக் கேவலமானது எது என்று யோசித்தால் அதற்கும் இந்த நாட்டில் பதில் கிடைக்கும். ஆனாலும் இது கேவலம்தான்.

முத்துப்பேச்சியின் பக்கத்து மேசையில் அனுசுயா. கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து வயிற்றில் பிள்ளை, ஐந்தாம் மாசம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள் டாக்டரம்மா. குடித்தால் டோக்கன் கேட்க வேண்டும். தங்கதுரை முகம் சுளித்தார். பிறகு, "அடிக்கடி போறதுன்னா ஊட்டுலயே உக்காந்துக்க" என்று சொல்லிவிட்டார். இடையில் நின்றுவிட்டால் பிரசவ கால விடுப்பும் சம்பளமும் போய்விடும். அந்த வீட்டில் வேறு சம்பாத்தியம் நம்பிக்கையானதாக இல்லை.

முத்துப்பேச்சி நேராக மேனேஜர் தரணீதரனிடம் போனாள். அவன் முதலாளியின் அண்ணன் மகன், எம்.பி.ஏ. படித்தவன். கெட்டவன் இல்லை, நல்லவனாக இருக்க நேரம் கிடைக்காதவன்.

"அனுசுயாவுக்கு மட்டுமாவது டோக்கன் வேண்டாம்னு சொல்லுங்க சார். பிள்ளைத்தாச்சி."

"ஏனுங்க அக்கா, ஒருத்தருக்கு உட்டா அறுபது பேரும் கேப்பாங்கல்ல?" என்றான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. "செரி, ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை ட்ரிப்பு இருக்குதுல்லங்க. பையர்கிட்ட இருந்து மேடம் வர்றாங்க. அவங்க கேக்கறதுக்கெல்லாம் நீங்க உங்க பாணியில பதில் சொல்லிருங்க. ட்ரிப் நல்லபடியா முடிஞ்சா, திங்கக்கிழமையில இருந்து அனுசுயாவுக்கு டோக்கன் வேண்டாம்."

"முடியலன்னா?"

"பையர் போயிட்டா நம்ம யாருக்குமே வேலை இருக்காதுங்க" என்றான் தரணீதரன். அதில் பொய் இல்லை.

அந்த ட்ரிப் பையர் கேட்டதுதான். தொழிலாளர்களை வருஷத்துக்கு ஒருமுறை இயற்கையான இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று புது விதி. வெள்ளியங்கிரி முதலில் பழனி என்றார். மேடம், 'கோயில் இயற்கை அல்ல' என்று மெயில் போட்டாள். "மலை மேலதான இருக்குது?" என்று முதலாளி வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. அப்போதுதான் கம்பெனிக்குப் பட்டனும் ஜிப்பும் சப்ளை செய்யும் பழனிமுத்து வழி சொன்னார். ஊருக்கு வெளியே ஒரு குளம், குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்கும், ஞாயிறுதோறும் அவர் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுவார், இவர்களுக்கும் காட்டுவார். மேடத்துக்குப் பறவை என்றால் உயிராம். உடனே சம்மதித்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயந்திரம் கழிப்பறையிலிருந்து முத்துப்பேச்சி திரும்பியபோது ஷிப்ட் முடிந்து தங்கதுரை கிளம்பிவிட்டார். மேசை டிராயர் பூட்டியிருந்தது. ஆணியில் மாட்டினால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று இரண்டாம் நம்பர் டோக்கனைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். திங்கள்கிழமை கொடுத்தால் போகிறது.

மார்கழிக் கடைசி ஞாயிறு. விடியும் நேரம், கம்பெனி வாசலில் பஸ் நின்றது. ஏற்றுமதிக்குத் தைத்த, தலைமூடி வைத்த ஹூடியை ஆளுக்கு ஒன்று கொடுத்தான் தரணீதரன். பனி விழும் தேசத்துக்காகத் தைத்தது. உள்ளே கம்பளி மாதிரித் துணி. "போட்டோவுக்குத்தானுங்க. டேக்கைப் பிச்சராதீங்க, சாயந்திரம் திருப்பிக் குடுக்கோணும்" என்றான். இத்தனை வருஷம் தைத்து, பார்த்து, மடித்து அனுப்பிய ஹூடியை அன்றைக்குத்தான் பெண்கள் முதல் தடவை உடம்பில் போட்டுப் பார்த்தார்கள்.

"ஏட்டி அனுசுயா, நல்லாத்தாம்ட்டி இருக்கு. இதுல போயி நாம குத்தம் கண்டுபிடிச்சிருக்கோமே" என்றாள் முத்துப்பேச்சி.

மேடத்தின் பெயர் இங்கெர். வட ஐரோப்பாக்காரி, நல்ல உயரம், நரைத்த முடி, காலில் சேற்றுக்கான பூட்ஸ். அவள் வந்ததும் டிரைவர் நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, வண்டியை ஏற்றி நசுக்கினார். அது என்ன என்று இங்கெர் கேட்டாள். "பிரேக் டெஸ்டிங், மேடம். சேஃப்டி" என்றான் எம்.பி.ஏ. அவள் மெச்சிக்கொண்டாள். பிறகு அவன் திரும்பிப் பெண்களிடம், "பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள பறவையெல்லாம் பாத்து முடிச்சரோணும்" என்றான். இமயமலையைத் தாண்டி வந்த வாத்து எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கிளம்பியது என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை.

பஸ்ஸில் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். எல்லோரும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். இங்கெர் மட்டும் ஒரு பாட்டிலை மடக் மடக்கென்று குடித்து முடித்தாள். டாக்டரம்மாவை நினைத்து அனுசுயாவும் குடித்தாள்.

குளத்தங்கரையில் பழனிமுத்து காத்திருந்தார். தலையில் தொப்பி, கழுத்தில் அட்டை, கையில் மடக்கும் கால்கள் வைத்த பெரிய தொலைநோக்கி. ஆடிட்டர் மாதிரி கழுத்தில் அட்டையைப் பார்த்ததுமே அறுபது பெண்களும் தாமாக வரிசையில் நின்று, ஹூடியை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகமானார்கள்.

பனி மெல்ல விலகியது. குளத்தின் நடுவில் மண் திட்டு; அதில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம். பழனிமுத்து கிசுகிசுத்தார்:

"அதா, தலையில ரெண்டு கருப்புப் பட்டை போட்டுட்டு நிக்கறாங்க பாருங்க, அவங்கதானுங்க பட்டைத்தலை வாத்து. மங்கோலியாப் பக்கமிருந்து வந்திருக்காங்க. இந்தப் பக்கம் வாலு ஊசியாட்டம் நீட்டிட்டு இருக்கறவங்க ஊசிவால் வாத்து. மெதுவாப் பேசுங்க, கூச்சப்படுவாங்க."

"ஏட்டி, வாத்துக்கெல்லாம் மரியாத குடுத்துப் பேசுதாரு" என்றாள் முத்துப்பேச்சி. "தங்கதுரை ஒரு நாளாவது நம்மள 'நீங்க'ன்னு சொல்லியிருக்கானா?"

"'ஏய் செக்கிங்கு'ன்னு சொல்லுவாருல்லாக்கா" என்றாள் அனுசுயா.

பழனிமுத்து உற்சாகமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பழக்கம். "இவங்க ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் பறப்பாங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

"எட்டு மணி நேரம் சார்!" என்றது மொத்த வரிசையும்.

பழனிமுத்து குழம்பினார். "இல்லீங்க. ராத்திரி பகல்னு பாக்க மாட்டாங்க, சில சமயம் விடாமப் பறப்பாங்க."

"சார், மெதுவா" என்றாள் முத்துப்பேச்சி, இங்கெர் பக்கம் கண் காட்டி. "ஓவர்டைம் கணக்குல வந்துரும்."

"செரிங்க. அத்தனை தூரத்துல இருந்து இங்க எதுக்கு வர்றாங்க?"

"குடும்பத்துக்கு உதவியா விருப்பப்பட்டு வந்தோம் சார்! யாரும் கட்டாயப்படுத்தல சார்!"

பழனிமுத்து தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அறுபது வாய்களுக்கு ஒரே பதிலைப் புகட்டிய வாத்தியார் தரணீதரன் பக்கத்து வேப்பமரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒடிசாவிலிருந்து வந்த டெய்லர் ஜோஸ்னா தொலைநோக்கியில் கண்ணை வைத்துச் சிரித்தாள். "அக்கா, இந்த வாத்து எங்க ஊர் ஏரிக்கும் வரும். இது வடக்கு. நானும் வடக்கு. இது வந்தா போர்டு வைக்குது பாரு, 'விருந்தாளி, தொந்தரவு செய்யாதே'ன்னு. நான் வந்தா ஹவுஸ் ஓனர் ஆதார் கார்டு கேக்குது."

"அதுங்க வாடகைக்கா கேக்கு? குளத்துலயே கெடந்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி கண்ணை வைத்தாள்.

கண்ணாடிக்குள்ளே ஒரு வாத்து மிக அருகில் நின்றது. ஆரஞ்சு அலகு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கோடு. வெயில் அதன் கழுத்தில் பட்டது. எங்கேயோ பனிமலைக்கு அந்தப் பக்கம் பிறந்தது, இங்கே ஒற்றைக் காலில் அவசரமில்லாமல் நின்றது. முத்துப்பேச்சிக்கு வாய் திறந்துகொண்டது. இருபது வருஷமாக அவள் கண் எந்தப் பொருளைப் பார்த்தாலும் குற்றம்தான் தேடும். இதில் தேடவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது வாத்து இன்னொரு காலையும் ஊன்றி, வாலை லேசாகத் தூக்கி, தண்ணீரில் எச்சமிட்டது. யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி ஒற்றைக் காலில் நின்றது.

"குடுத்துவச்ச சீவன்" என்றாள் முத்துப்பேச்சி.

பிறகு இங்கெர் அவளைக் கரையோரக் கல்லில் உட்காரவைத்துப் பேசினாள். பழனிமுத்துதான் மொழிபெயர்த்தார்; பறவைப் புத்தகம் படித்தே ஆங்கிலம் கற்றவர். தான் மொழிபெயர்ப்பதாக வந்த தரணீதரனை இங்கெர் சிரித்தபடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டாள். மேனேஜர் மொழிபெயர்த்தால் எந்த நாட்டிலும் ஒரே பதில்தான் வருகிறதாம்.

அன்றைக்கு முத்துப்பேச்சி தன் உச்சத்தில் இருந்தாள். பன்னிரண்டு மணி நேரம் நீளும் ஒன்றரை ஷிப்ட் எட்டு மணி நேரமானது. தங்கதுரை தகப்பனைப் போன்றவரானார். "கழிப்பறைக்குப் போக ஏதாவது தடை?" என்று இங்கெர் கேட்டபோது, "கதவு எந்நேரமும் தொறந்தே கெடக்கும் மேடம். எப்ப வேணாலும் போலாம். சில பேரு சும்மா காத்து வாங்கக்கூடப் போவாவ" என்றாள். தூரத்தில் தரணீதரன் அனுசுயாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். திங்கள்கிழமை முதல் டோக்கன் வேண்டாம். அனுசுயாவின் முகம் மலர்ந்தது.

வெயில் ஏறியது. ஹூடிக்குள் எல்லோரும் வெந்தார்கள். இங்கெர் இரண்டாவது பாட்டிலையும் குடித்திருந்தாள். சற்று நெளிந்தாள். பழனிமுத்துவிடம் குனிந்து மெதுவாக ஏதோ கேட்டாள். அதில் ஒரு சொல் மட்டும் முத்துப்பேச்சியின் காதில் விழுந்தது. டாய்லெட்.

நாக்குக்குப் பயிற்சி கொடுத்த தரணீதரன் கைக்குக் கொடுக்க மறந்துவிட்டான். அந்தச் சொல் காதில் விழுந்தால் டோக்கன் வைத்திருப்பவள் கேட்டவளிடம் நீட்ட வேண்டும். இது தையல் லைனின் பழக்கம், யோசனைக்கு முன்னால் நடப்பது. முத்துப்பேச்சியின் கை சுருக்குப் பைக்குள் போனது, ஸ்ட்ரைக்கரோடு வெளியே வந்தது, இங்கெரின் உள்ளங்கையில் அதை வைத்தது.

"இந்தாங்க மேடம். போயிட்டு வந்து மறக்காமக் குடுத்துருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் மூளை வந்து சேர்ந்தது.

இங்கெர் ஸ்ட்ரைக்கரைப் புரட்டிப் பார்த்தாள். தரணீதரன் ஓடிவந்தான். "கிஃப்ட், மேடம்! எங்க ஊர் வழக்கம். விருந்தாளிக்குக் குடுக்கற கிஃப்ட்!" என்றான் ஆங்கிலத்தில். இங்கெர் நெஞ்சில் கை வைத்தாள். அவளுக்குக் கண்ணே கலங்கியது. ஸ்ட்ரைக்கரைப் பத்திரமாக ஜாக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். மேனேஜர் மூச்சு விட்டான். ஆனால் அந்த ஜிப் மூடிய சத்தம் வரிசையில் நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்டது. நாளைக்கு ஆணியில் ஒரே ஒரு டோக்கன். அதுவரை வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்களும் அந்த ஜாக்கெட் பையைப் பார்த்தன.

"ஆடிட் அக்கா, வாங்கிரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

முத்துப்பேச்சி துணிந்து எழுந்தாள். "மேடம், அது வந்து… எங்க மாமியா ஞாபகமா வச்சிருக்கது. ஏதோ தெரியாமக் குடுத்துட்டேன். அதக் குடுத்துருங்க. வேற தாரேன்."

பழனிமுத்து ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தார். இங்கெரின் புருவம் ஏறியது. சற்று முன்னால்தான் ஊர் வழக்கம் என்றார்கள். "இதில் இரண்டு என்று எழுதியிருக்கிறதே?"

"நான் அவுகளுக்கு ரெண்டாவது மருமவ."

"அப்படியென்றால் ஒன்று எங்கே?"

"அது சூப்பர்வைசர் மேசைக்கு மேல ஆணியில தொங்குது" என்றாள் அனுசுயா, பச்சைப் பிள்ளை போல.

ஜோஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களுக்கும் தொற்றியது. அனுசுயா மட்டும் சிரிக்கவில்லை. அவள் காலை மாற்றி மாற்றி வைத்தாள், உதட்டைக் கடித்தாள். முத்துப்பேச்சி அவளைப் பார்த்தாள்.

"ஏட்டி, என்னட்டி செய்யுது?"

"அவசரமா வருதுக்கா. மேடம் போயிட்டு வந்து டோக்கனைக் குடுக்கட்டும். அப்புறம் போறேன்."

முத்துப்பேச்சிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. சுற்றிலும் வெட்டவெளி. தங்கதுரை இல்லை, மேசை இல்லை, ஆணி இல்லை. இந்தப் பெண் வயிற்றில் பிள்ளையோடு, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு, வெள்ளைக்காரியின் சட்டைப் பையைப் பார்த்து நிற்கிறாள்.

"ஏட்டி, இது குளம்ட்டி!" என்று கத்தினாள் முத்துப்பேச்சி.

மண் திட்டிலிருந்து வாத்துகள் அத்தனையும் படபடவென்று எழும்பின. பழனிமுத்து, "அய்யோ, கோச்சுக்கிட்டாங்களே" என்றார்.

"போனாப் போவட்டும்! அதுங்களுக்கு இறக்கை இருக்கு" என்றவள் இங்கெர் பக்கம் திரும்பினாள். ஆடிட் குரல் போய், சங்கரன்கோவில் குரல் வந்திருந்தது. "மேடம், மாமியாவும் இல்ல, கிஃப்ட்டும் இல்ல. அது ஒண்ணுக்குப் போற டோக்கன். அறுபது பேருக்கு ரெண்டு. நீங்க ஒண்ணக் கொண்டு போயிட்டா ஒத்தை டோக்கனுக்கு நாங்க அடிச்சுக்கணும். இந்தப் பிள்ளைக்கு டோக்கன் வேண்டாம்னு ஆக்கணும்னுதான் இம்புட்டு நேரம் உங்ககிட்ட பொய்யா அடுக்குனேன். காத்து வாங்கவெல்லாம் யாரும் போறதில்ல. சார், இத அப்படியே சொல்லுங்க."

அவர் அப்படியே சொன்னார். காற்று வாங்குவதைக்கூட விடவில்லை.

இங்கெர் தரணீதரனைப் பார்த்தாள். அவன் ஹூடிக்குள் வேர்த்து நின்றான். பிறகு அவனுக்கும் எங்கிருந்தோ ரோஷம் வந்தது. ஆங்கிலத்தில் படபடவென்று பேசினான். பெண்கள் பழனிமுத்துவைச் சுரண்டினார்கள். அவர் அதையும் தமிழாக்கினார்:

"போன வருசத்தைவிட வெலையைக் கொறைச்சீங்க, ரெண்டு வாரம் முன்னாடியே சரக்கு வேணும்னீங்க, லைன் நிக்காம ஓடுனாத்தான் முடியும், அது எப்படி ஓடும்னு நீங்க எப்பவாச்சும் கேட்டீங்களான்னு கேக்கறாருங்க."

வெயிலில் இங்கெரின் முகம் சிவந்து கிடந்தது. முத்துப்பேச்சியின் ஹூடிக் கழுத்தில் தொங்கிய விலை டேக்கைப் பார்த்தாள். அது அவள் தேசத்துக் காசில் அச்சடித்தது. கடைசியில் அவள் சொன்னதைப் பழனிமுத்து சொன்னார்: "ரெண்டு பேரு கேட்டதும் நாயந்தான், ஆனா அதுக்கு முன்னால டாய்லெட்டு எங்கேங்கறாங்க. இந்தப் புள்ளையும் கூட வரட்டும்ங்கறாங்க."

குளத்தங்கரையிலும் கழிப்பறை ஒன்று உண்டு. திறப்பு விழாவுக்குக் காத்துப் பூட்டிக் கிடந்தது. பழனிமுத்து எல்லோரையும் பக்கத்துத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே குழந்தையம்மாள் என்ற பெரியம்மா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். எந்த ஊர், என்ன ஆளுக என்ற கேள்வி அவருடைய நாக்கு நுனி வரை வந்தது தெரிந்தது. அனுசுயாவின் வயிற்றையும் அவள் நின்ற நிலையையும் பார்த்ததும் அது வந்த வழியே திரும்பிப் போனது.

"போ கண்ணு, போ. கொல்லப்பக்கம் இருக்குது. இதுக்குப் போயி கேக்கோணுமா?"

அனுசுயா வாசலில் நின்று திரும்பி முத்துப்பேச்சியைப் பார்த்தாள், பழக்கத்தில்.

"போட்டீ!" என்றாள் முத்துப்பேச்சி.

அனுசுயாவுக்குப் பின்னால் இங்கெர் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களின் வரிசை நீண்டது. முன்னால் ஆள் இருந்ததால் பையரின் பிரதிநிதி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றதைப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்த நிலை அவர்களுக்குத் தெரியும். அவரவர் கையிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். எமகண்டம் அதன் பாட்டுக்கு வந்துவிட்டுப் போனது.

இங்கெர் ஸ்ட்ரைக்கரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோய் விலை குறைக்கிற மேசையில் வைக்கப் போவதாகச் சொன்னாள். வைத்தாளோ என்னவோ, அடுத்த ஆர்டருக்கும் விலை ஏறவில்லை. ஆனால் வெள்ளியங்கிரிக்கு அவள் போட்ட மெயில் வேலை செய்தது. திங்கள்கிழமை காலையில் தங்கதுரை குறடு கொண்டுவந்து இரண்டு ஆணியையும் பிடுங்கினார். அன்றைக்கு அறுபது பெண்களும் கழிப்பறைக்குப் போனார்கள். பாதிப் பேருக்கு அவசரமே இல்லை. போகலாமா என்று பார்க்கப் போனார்கள். தங்கதுரை நாள் முழுக்கச் சுவரில் இருந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துப்பேச்சியை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிறுத்தவில்லை. பங்குனியில் ஆடிட் இருந்தது. அதற்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

வந்தவர் புது ஆடிட்டர், கடுமையானவர். அவள் வழக்கம்போல எட்டு மணி நேரம் என்றாள், தகப்பன் மாதிரி என்றாள். எல்லாம் வெண்ணெய் போலப் போனது. அப்புறம் கேட்டார்: "கழிப்பறைக்குப் போக டோக்கன் முறை உண்டா?"

முத்துப்பேச்சி ஆடிட்டில் சொல்லப்போகும் முதல் உண்மை அது. "இ… இல்ல சார். மெய்யாலுமே இல்ல. முன்னால… இல்ல, இப்ப இல்ல சார். நம்புங்க சார்." அவளுக்கு வேர்த்தது. நாக்கு குழறியது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆடிட்டர் பேனாவை மூடினார். மற்றதையெல்லாம் நம்பிவிட்டார், இதை நம்பவில்லை. எழுந்து நேராக லைனுக்குப் போய், தங்கதுரையின் மேசைக்கு மேலே சுவரில் இருந்த ஓட்டைகளை விரலால் தடவினார்.

"இந்த ஆணியை இன்று காலையில்தானே பிடுங்கினீர்கள்?"

தரணீதரனுக்கு முகம் வெளுத்தது. முத்துப்பேச்சிக்கும்தான். அப்போது, அடுத்த வாரம் விடுப்பில் போகவிருந்த அனுசுயா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இடுப்பில் கை ஊன்றி, நிறைந்த வயிற்றோடு, யாரையும் கேட்காமல், யாரையும் திரும்பியும் பார்க்காமல், ஆடிட்டருக்கும் தங்கதுரைக்கும் நடுவே புகுந்து கழிப்பறைப் பக்கம் மெல்ல நடந்து போனாள். ஆடிட்டர் அவள் போவதையும் வருவதையும் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

அவர் கார் ஏறிய பிறகு முத்துப்பேச்சி மேசைக்கு வந்து பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உண்மையச் சொல்லுதது ரொம்பக் கஷ்டம்ட்டி. உசுரு போயிட்டு வந்துருச்சு" என்று பாட்டிலை எடுத்து முழுத் தண்ணீரையும் குடித்தாள். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து கழிப்பறைப் பக்கம் நடந்தாள்.

"ஏய் செக்கிங்கு, மறுக்காவா?" என்றார் தங்கதுரை.

"மறுக்காவுந்தான்" என்று போய்க்கொண்டே சொன்னாள்.